வெருலம் சாலையோரத்தில் அறுபது சொல்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து கோயில் கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கமிட்டித் தலைவர் கையில் ஒரு தாளோடு வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். "தம்பி, இந்த இங்கிலீஷை அப்படியே தமிழ்ல போட்டுக் குடுங்க. போர்டுக்கு. அறுபது வார்த்தைதான், சின்ன வேலை" என்றார்.

அந்தச் சின்ன வேலை முடிய ஒன்பது மாதம் ஆயிற்று.

நான் வேலூர்ப் பக்கத்து ஆள். 2011இல் கணக்கு வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். வெருலம் டர்பனுக்கு வடக்கே சுமார் 27 கிலோமீட்டரில், உம்ட்லோட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. பழைய வடக்குக் கடற்கரைச் சாலை ஊரின் நடுவே புகுந்து போகிறது. கடைப் பலகைகளில் நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்று பெயர்கள் வரிசையாக வரும். படிக்கும்போது ஆம்பூர்க் கடைத்தெருவை யாரோ ஆங்கில எழுத்தில் பெயர்த்து வைத்ததுபோல் இருக்கும். அந்தச் சாலையோரத்தில் ஊர் உண்டான கதையை ஆங்கிலம், ஜூலு, தமிழ் மூன்றிலும் சொல்லும் பலகை ஒன்று வைக்க வேண்டும் என்று நாலைந்து பெரியவர்கள் கிளம்பியிருந்தார்கள். உங்கள் ஊரிலும் கோயிலுக்கோ பள்ளிக்கோ யாராவது இப்படிக் கிளம்பினால், நாங்கள் பட்ட பாடு கொஞ்சம் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத் தாளின் முதல் வரியை அன்றிரவே தமிழாக்கிவிட்டேன்: "வெருலம் 1850ஆம் ஆண்டு மெதடிஸ்ட் குடியேறிகளால் நிறுவப்பட்டது." தகவலில் தப்பில்லை. வில்லியம் ஐரன்ஸ் என்பவர் ஏற்பாடு செய்த கிறிஸ்தவக் குடியேற்றச் சங்கத்தின் மூலம் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். சங்கத்தின் புரவலர் வெருலம் பிரபு, ஊருக்கு அவர் பெயர். அந்தப் பிரபுவின் பட்டமே இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் பக்கத்தில் ரோமானியர் காலத்தில் இருந்த வெருலாமியம் என்ற ஊரிலிருந்து வந்தது. ரோமானியர் கால ஊர்ப்பெயர் ஒன்று கப்பலேறி ஜூலு மண்ணில் இறங்கி, இன்று தமிழ்ப் பாட்டிகள் வாயில் புரள்கிறது. இதையெல்லாம் பலகையில் போட இடமில்லையே என்று எனக்கு வருத்தம்.

மறுவாரம் அந்த வரியை ஆயாவிடம் படித்துக் காட்டினேன். பாட்டியை இங்கே ஆயா என்பார்கள். எண்பதைத் தாண்டியவர், தமிழ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் கேழ்வரகுக் கூழ் கிண்டுவது அவர் மேற்பார்வையில்தான் நடக்கும்.

"நிறுவப்பட்டதுன்னா என்ன தம்பி?"

"ஆரம்பிச்சாங்கன்னு அர்த்தம் ஆயா."

"எத்த ஆரம்பிச்சாங்க? ஆறு அப்பவே இருந்துச்சு. ஆத்தாண்ட ஜூலுக்காரங்க இருந்தாங்க. காட்ட யாரு வெட்டுனா? அத்த எழுது."

வீட்டுக்குப் போய் வாக்கியத்தை மறுபடி பார்த்தேன். 'நிறுவப்பட்டது' என்ற சொல்லுக்குள் ஒரு வேலையும் இல்லை. கோவணம் கட்டியவனும் கோட்டுப் போட்டவனும் ஒன்றாகப் போய் ஒளிந்துகொள்ளலாம். ஜூலுப் பகுதியை எழுதிய பள்ளி ஆசிரியருக்கும் அதே சிக்கல்தானாம். 'நிறுவினார்கள்' என்று அவர் மொழியில் போட்டால், அதற்கு முன் இங்கே ஆளே இல்லை என்று ஆகிவிடுகிறது. உம்ட்லோட்டி என்ற பெயரே அங்கே வளர்ந்த ஒரு காட்டுப் புகையிலைச் செடியிலிருந்து வந்தது, பெயர் வைத்தவர்கள் அந்தச் செடியைப் பார்த்தவர்கள்தானே என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தோம். வந்தவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். மனை பிரித்தார்கள். பெயர் வைத்தார்கள். அவ்வளவையும் எழுதிவிட்டு 'நிறுவினார்கள்' என்பதை எடுத்துவிட்டோம். ஊர்க் கதை எழுதுகிற எவருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: அந்த ஒரு வினைச்சொல்லை எடுத்துப் பாருங்கள், மீதிக் கதை தானாக வெளியே வரும்.

அடுத்து ஆண்டுச் சண்டை. கமிட்டியில் பாதிப் பேர், "1860ல தமிழர் இங்க வந்தாங்கன்னு போடு" என்றார்கள். அது டர்பன் துறைமுகத்துக்கு உரிய ஆண்டு. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்த 342 பேரோடு அங்கே வந்து நின்றது. அவர்களில் யார் எந்த மாதம் எங்கள் சாலைக்கு வந்தார்கள் என்பதற்கு எங்களிடம் தாள் இல்லை. தாள் இல்லாத ஆண்டை உலோகத்தில் பொறிக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். "நீ இந்தியாலேர்ந்து நேத்து வந்தவன்" என்று ஒருவர் சொன்னார். சொல்லட்டும். டர்பனும் வெருலமும் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் காலனி நேட்டால், அதனால் கடைசியில் "1860 முதல் நேட்டாலுக்கு" என்று போட்டோம். அது பொய்யில்லை, யாருக்கும் குறையுமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே பேச்சுக் கொடுத்தால் பத்தில் எட்டுக் குடும்பம், "எங்க பாட்டன் ட்ரூரோவுல வந்தவர்" என்பார்கள். 1860க்கும் 1911க்கும் நடுவே 384 கப்பல்களில் 1,52,184 பேர் நேட்டாலுக்கு வந்திருக்கிறார்கள். எல்லோரும் அந்த ஒரே கப்பலில் ஏறியிருந்தால் அது கரை சேர்ந்திருக்குமா? கிண்டலாகச் சொல்லவில்லை. பெயர் தெரிந்த கப்பல் அது ஒன்றுதான், பிடித்துக்கொண்டார்கள். கப்பல்களுக்குப் பட்டியல் இருக்கிறது. அரசு ஆவணக்காப்பகத்தில் பார்க்கலாம். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் உதவி கிடைக்கும். ஆனால் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ராமசாமி என்று நூற்றுக்கணக்கில் வருவார்கள். தேடவேண்டியது காலனியல் நம்பர். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, பிள்ளைகளின் பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில்கூட அந்த எண் இருக்கலாம். அதனால் ஆவணக்காப்பகத்துக்கு ஓடுவதற்கு முன் அலமாரியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

பலகைக்கு இடம் கொடுத்த குடும்பத்திடம் அப்படி ஒரு டப்பா இருந்தது. மடித்த மடிப்பில் கிழிந்துபோன ஒரு சான்றிதழ், அதில் எண். பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே ஒரே வரி: பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, உயரம், ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். ஜில்லா, வட ஆற்காடு. என் ஜில்லா. தாலுக்கா, குடியாத்தம். கிராமத்தின் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார், கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. நாலைந்து விதமாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை என் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊரின் பெயர்போலக் கேட்டது. 'போல' தான். அடையாளத்துக்கு நேரே இடது முழங்காலில் தழும்பு என்றிருந்தது. டப்பாக்காரரின் மகன் தன் அரைக்கால் சட்டையை விலக்கி முழங்காலைப் பார்த்துக்கொண்டான். அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிராமத்தின் பெயரைப் பலகையில் போடச் சொல்லி அவர்கள் ஆசையாகக் கேட்டார்கள். 'போல' என்பதைப் பலகையில் போட முடியாது என்று மறுத்துவிட்டேன். குடும்பத்துக்கென்று தனியாக அந்த வரியைப் படியெடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

கொள்ளுப்பாட்டனின் பெயரையாவது போட வேண்டும் என்றார்கள், குடும்பப் பெயர் கோவெண்டர். நான் தமிழில் 'கவுண்டர்' என்று எழுதினேன். மூலச்சொல் அதுதானே என்ற மிதப்பு. மருமகள் ஆண்டிக்குத் தமிழ் படிக்கத் தெரியும், என் வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்தவர். "சார், இது யாரு? நாங்க கோவெண்டர்" என்றார். மூன்று தலைமுறையாகக் கடைப் பலகையில், கல்யாணப் பத்திரிகையில், கல்லறையில் அந்தப் பெயர். அதைத் திருத்த நான் யார்? தமிழ்நாட்டிலிருந்து வருகிற நமக்கு இந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்ததும் வால் பிடித்து ஜாதி பார்க்கிற கை சும்மா இருக்காது. இங்கே அது வெறும் குடும்பப் பெயர். அவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். கடைசியில் ஒருவர் பெயர் வந்தால் பத்துக் குடும்பம் கேட்கும் என்று பலகையில் எவர் பெயரும் வேண்டாம் என்று முடிவாயிற்று, அது வேறு கதை.

நான் செய்த பெரிய தப்பு இனிமேல்தான். 'ஒப்பந்தக் கூலிகள்' என்று எழுதியிருந்தேன். நமக்குக் கூலி என்றால் கூலி. நாற்று நட்டால் கூலி, மூட்டை தூக்கினால் கூலி. வரைவை எல்லோருக்கும் வாசித்துக் காட்டும் கூட்டத்தில் அந்தச் சொல் வந்ததும் பின்வரிசையில் ஓர் அங்கிள் எழுந்து வெளியே போய்விட்டார். என்னவென்று எனக்கு விளங்கவில்லை. அப்புறம் தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "ஸ்கூலுக்குப் போற வழியில அந்தச் சொல்லச் சொல்லித்தான் கல்லெறிவான். பஸ்ஸுல, போலீஸ் ஸ்டேஷன்ல, எங்கயும் அதான் எங்க பேரு. அத்த நம்ம ரோட்டோரத்துல எழுதுறியா நீ?" தென்னாப்பிரிக்காவில் அது வசைச்சொல். நம் மொழியிலிருந்து போன சொல் என்பார்கள், ஆனால் திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்திருக்கிறது. 'தொழிலாளர்' என்று மாற்றினேன், சம்பளத்துக்குக்கூடக் கூலி என்று எழுதவில்லை. மொழி தெரிந்தவன் என்ற தைரியத்தில் வெளியூர்க்காரன் எழுதுவதை உள்ளூர்க்காரர் பத்துப் பேர் முன்னால் உரக்கப் படித்துவிட வேண்டும். தாளைச் சுற்றுக்கு விட்டிருந்தால் அந்த அங்கிள் வாயே திறந்திருக்க மாட்டார்.

சம்பளத் தொகை வர வேண்டும் என்பதில் மட்டும் நான் விடவில்லை. மாதம் 10 ஷில்லிங்கில் ஆரம்பம், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறும், ஐந்து வருடத் தவணை. 1895இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பின் ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள் தவணை முடித்துச் சுதந்திரமாக இங்கேயே இருக்க நினைத்தால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டால் 60 ஷில்லிங், அதாவது முதல் வருடச் சம்பளத்தில் ஆறு மாதம். 1913 வேலைநிறுத்தம் இந்த வரியை எதிர்த்துத்தான், 1914இல் அது ஒழிந்தது. வெருலம் கோபால்லால் கோயிலைக் காந்தி திறந்துவைத்ததும் அதே 1913இல். வரியை எழுத இடம் போதவில்லை. 10 ஷில்லிங் தப்பியது.

இடம் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அறுபது சொல் என்றால் தமிழில் ஐம்பதுக்குள் வந்துவிடும், ஆனால் இடம் கூடுதலாகப் பிடிக்கும். நம் சொற்கள் நீளம். ஆங்கில எழுத்தின் அளவையே தமிழுக்கும் போட்டால் ண, ன, ணை எல்லாம் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகத் தெரியும். ஆங்கிலத்தைவிட ஒரு பங்கு பெரிதாக, தடித்த கோடுள்ள எழுத்துருவில் போடுங்கள். முதலில் பலகையின் முழு அளவில் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று வயதானவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். நாங்கள் ஆயாவின் தம்பியைப் படிக்கவைத்தோம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு "பெருசா போடு" என்றார், அவ்வளவுதான்.

அப்படியும் முதல் பலகை பாழாயிற்று. பலகை செய்பவருக்கு நான் சொற்களைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினேன். அவர் மேல் பெரிய குற்றமில்லை, அவருக்குத் தமிழ் தெரியாது, அவருடைய பொறிக்கும் மென்பொருளுக்கும் தெரியாது. அது எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே கொட்டியிருக்கிறது, கொம்புகள் எல்லாம் ஒரு வீடு தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டன. 'பெயர்' என்பது 'பயெர்', 'மெதடிஸ்ட்' என்பது 'மதெடிஸ்ட்'. பேக்கி என்று இங்கே சொல்லும் சின்னச் சரக்கு வண்டியின் பின்னால் போர்வை சுற்றி வந்த பலகையைப் பிரித்ததும் அங்கிள், "நல்லா இருக்கு தம்பி" என்று தோளைத் தட்டினார். அவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் ஃபீனிக்ஸ் இருக்கிறது. 1903இல் தொடங்கிய, காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை மறுவருடம் அங்கே குடிபோனது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நாலு மொழியில் வந்தது. தமிழில் எழுதவும் அச்சுக்கோக்கவும் சரியான ஆள் கிடைக்காமல் 1906இல் இந்தியையும் தமிழையும் நிறுத்தினார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் எங்களுக்கும் அதே குறை. ஆள் இல்லாததற்குப் பதில் மென்பொருள் இல்லை.

இரண்டாம் தடவை சொற்களாக அனுப்பவில்லை. எழுத்துகளை எல்லாம் வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக அனுப்பினேன். அப்படிச் செய்தால் எந்த மென்பொருளாலும் கொம்பை நகர்த்த முடியாது. கூடவே ஒரு தாளில் தமிழ்ப் பகுதி எப்படித் தெரிய வேண்டும் என்று படமும், மொத்தம் எத்தனை புள்ளி என்ற எண்ணிக்கையும். மெய்யெழுத்துப் புள்ளியைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுகிற ஆபத்து உண்டு. அவர் புள்ளிகளை எண்ணிப் பார்த்துவிட்டு போன் செய்தார், ஒன்று குறைகிறது என்று. நான்தான் தப்பாக எண்ணியிருந்தேன்.

வெண்கலத்தில் செய்ய ஆசை இருந்தது, வேண்டாம் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். வெண்கலத் தகடுகளை இரவில் பெயர்த்துக்கொண்டு போய் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். விலை குறைவான அலுமினியத் தகடுதான் ஆயுசு கூடியது. அதையும் அங்கே இருந்த பழைய கல்சுவரில் துளைபோட்டு மாட்டலாம் என்று கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டார் அங்கிள். நல்லவேளை ஒருவர் தடுத்தார். 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கட்டுமானத்தை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. பாரம்பரியம் பேசும் பலகையை வைக்கப் போய்ப் பாரம்பரியச் சட்டத்தை மீறுவதா? சாலையின் ஓரத்து மண்ணோ அரசுக்குச் சொந்தம். அதற்கு அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நாலு தடவை எழுதினோம், மூன்று தடவை வேறு அலுவலகத்தைக் காட்டினார்கள். கடைசியில் வேலிக்கு உள்ளே, அந்தக் குடும்பத்தின் நிலத்தில், சாலையைப் பார்த்தபடி இரண்டு இரும்புக் கால்களில் நிறுத்தினோம். முதல் நாளே அதைச் செய்திருந்தால் ஐந்து மாதம் மிச்சம்.

தமிழில் கடைசியாக நின்ற வரிகள் இவை:

"உம்ட்லோட்டி ஆற்றங்கரையில் ஜூலு மக்கள் வாழ்ந்த இந்த மண்ணில், 1850இல் இங்கிலாந்திலிருந்து வந்த மெதடிஸ்ட் குடியேறிகள் மனை பிரித்து, வெருலம் பிரபுவின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். 1860 முதல் ஒப்பந்தத்தில் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள், மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கிய சம்பளத்துக்கு, இந்தப் பக்கத்துக் காட்டை வெட்டிக் கரும்பு நட்டார்கள். தவணை முடிந்தும் திரும்பாதவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், கடை வைத்தார்கள், கோயில் எழுப்பினார்கள்."

திறப்பு விழா பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழை பெய்தது, பேச்சுகள் நீண்டன, பருப்பும் ரொட்டியும் நன்றாக இருந்தன. எல்லோரும் போன பிறகு ஆயா என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "காட்ட வெட்டி"யில் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, அந்தச் சொல் பலகையில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த இடத்தைத் தடவிவிட்டு, ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

கடல் காற்று இங்கே பொல்லாதது. ஒரு வருடத்துக்குள் பொறித்த குழியிலிருந்த வெள்ளைப் பெயின்ட் உதிரத் தொடங்கிவிட்டது, அதிலும் முதலில் போவது புள்ளிதான். போன மாதம் 'கரும்பு' 'கருமபு' ஆகியிருந்தது. ஆண்டி வெள்ளை நகப்பூச்சுப் புட்டி ஒன்று கொடுத்திருக்கிறார், அது என் காரிலேயே கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்திப் புள்ளிகளை எண்ணிவிட்டுப் போகிறேன்.